பாகம் இரண்டின் துரோகி

எங்கள் தோட்டத்தில் எடுத்த சினிமாவுக்கு இரண்டாம் பாகம் வரவில்லை. வந்த பாகத்தைப் பற்றிப் பேசியவர்களைவிட வராத பாகத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் நானும் ஒருவன்.

அது தமிழ்நாட்டுக் கம்பெனி ஒன்று மலேசியாவுக்கு வந்து எடுத்த சாகசப் படம். காம்பாருக்குப் போகும் பழைய சாலையில், சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அடியில் எங்கள் ரப்பர் தோட்டம் இருந்தது. குன்றில் ஒரு குகை. சோழர் கப்பலில் வந்த ஐம்பொன் பெட்டகம் அந்தக் குகைக்குள் கிடக்கிறது என்பது கதை. நாயகன் நிலம் அளக்க வந்தவன். வில்லனின் ஆட்களை ஏமாற்றிவிட்டு உள்ளே இறங்கி, பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறான். வந்து பார்த்தால் குகை வாசலில் ஊர் மக்கள் அத்தனை பேரும் வரிசை வரிசையாக, பேச்சு மூச்சில்லாமல் நிற்கிறார்கள். நாயகன் திகைக்கிறான். திரை இருட்டாகிறது. ‘தொடரும்’ என்று எழுத்து விழுகிறது. அவ்வளவுதான். படம் சரியாக ஓடவில்லை, கம்பெனியை மூடிவிட்டார்கள், எதுவும் தொடரவில்லை. ஆனால் இரண்டாம் பாகத்தின் திரைக்கதையை முழுசாக எழுதி யாரோ ஒரு பெட்டியில் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பேச்சு இருந்துகொண்டே இருக்கிறது. கண்ணால் பார்த்தவர் யாரும் இல்லை.

வரிசையில் நின்ற அந்த ஊர் மக்கள் நாங்கள்தான். நான் அப்போது இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, தோட்டத்தில் மருந்தடிக்கும் கூட்டத்தில் சில வருஷம் ஓட்டியிருந்தேன். கடைசி வரிசையில் நின்றேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் என் அக்காவின் புருஷன், என் மச்சான், நின்றார். அவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்.

இயக்குநர் கேட்டது வேறு. நாங்கள் நாலா பக்கமிருந்தும் கத்திக்கொண்டு ஓடிவந்து நாயகனைச் சூழ்ந்துகொள்ள வேண்டும். பழங்காலத்து ஆட்களாகத் தெரிவதற்கு வேட்டியும் சேலையும் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்திருந்தார்கள். உதவி இயக்குநர் விசில் ஊதினதும் ஓட வேண்டும் என்றார்கள். கோளாறு அங்கேதான். எங்கள் தோட்டத்தில் பெரட்டுக்கும் விசில்தான். பெரட்டு என்றால் விடியற்காலையில் வேலைக்குப் பெயர் வாசிக்கிற வரிசை. வேலை வாங்குகிற மண்டோர் விசில் ஊதினால் எந்த மூலையில் இருந்தாலும் வந்து நின்றுவிட வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. உதவி இயக்குநர் ஊதினார். கத்திக்கொண்டுதான் புறப்பட்டோம். குகை வாசலுக்கு வந்ததும் கால்கள் வரிசை பிடித்துவிட்டன. வாயும் தானாக மூடிக்கொண்டது. மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் வரிசை.

“யோவ், ஒருத்தராவது கலைஞ்சு நில்லுங்கய்யா! இது என்ன ரேஷன் கடையா?” என்று உதவி இயக்குநர் கத்தினார்.

எங்கள் மண்டோரும் வேட்டி கட்டிக்கொண்டு கூட்டத்தில்தான் நின்றார். “சார், விசில் ஊதாதீங்க, கையக் காட்டுங்க. விசில் ஊதுனா இவங்க இப்படித்தான் நிப்பாங்க. என்னையப் பாருங்களேன், நானே நிக்கிறேன்லா” என்றார்.

இயக்குநர் கேமராவை விட்டு எழுந்து வந்து எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இப்படியே இருக்கட்டும். எனக்கே பயமா இருக்கு” என்றார்.

ஆக, அந்தப் படத்தின் முடிவை உண்டாக்கியவர்கள் நாங்கள். யார் இந்த மக்கள், ஏன் படை மாதிரி அணிவகுத்து நிற்கிறார்கள் என்று பல ஊர்களில் பல பேர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களே, அந்தக் கேள்வி எங்கள் காலில் பிறந்தது. திரைக்கதை என்று ஒன்று உண்மையிலேயே பெட்டியில் இருந்தால், அதுவும் அந்தப் படப்பிடிப்புக்குப் பிறகு எழுதியதாகத்தான் இருக்க முடியும்.

பிறகு ரப்பரை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டார்கள். செம்பனையையும் வெட்டி வீடு கட்டினார்கள். மச்சான் அதற்கு முன்பே போய்விட்டார். ஒரு நாள் குலை வெட்டிக்கொண்டிருந்தவர் நெஞ்சு வலிக்கிறது என்று மரத்தடியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. அக்கா ஈப்போவுக்கு வந்து ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்தாள். நான் ஓரிடத்தில் நிற்கிற ஆள் இல்லை. ஜொகூரில் மரப்பட்டறையில் இருந்தேன், அங்கே ஒரு விரல் நுனி போயிற்று. சிங்கப்பூரில் கப்பல் துருவைச் சுரண்டினேன். இறால் குட்டைக்குக் காவல் இருந்தேன். சம்பளம் தராமல் ஓடிப்போன முதலாளிகளும் உண்டு, சொல்லாமல் நான் விட்டுப்போன முதலாளிகளும் உண்டு. இப்போது கோழித் தீவன லாரி ஓட்டுகிறேன். விரல் நுனி இல்லாமலும் ஸ்டியரிங் பிடிக்கலாம்.

லாரிக்காரனுக்குக் காத்திருப்பதுதான் பாதி வேலை. சிலிம் ரிவர் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றில் மூட்டை இறக்கக் காத்திருந்தபோதுதான் அந்த வாட்ஸ்அப் குழுவைக் கண்டுபிடித்தேன். வராத இரண்டாம் பாகத்துக்காக மட்டும் நடக்கும் குழு. நடத்துகிறவன் மதுரையில் இருக்கும் ஒரு இளைஞன். யூடியூபில் சேனலும் வைத்திருந்தான். எல்லாரும் அவனை அட்மின் என்றுதான் கூப்பிட்டார்கள். கிள்ளானில் இருந்த ஒருவர் பெட்டகத்துக்குள் இன்னொரு பெட்டகத்தின் வரைபடம்தான் இருக்கிறது என்று அடித்துச் சொன்னார். சென்னையில் ஒரு என்ஜினியர், நிற்கிறவர்கள் எல்லாரும் எப்போதோ செத்துப்போன கப்பற்படை என்றார். பினாங்கில் ஒரு அம்மா, எல்லாம் நாயகன் கண்ட கனவு என்று சொல்லிவிட்டு எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார். நான் எழுத்தில் கொஞ்சம் மெதுவு, அதனால் குரலில் பேசி அனுப்புவேன். பெட்டகம் காலி, அதைக் காக்கிற மாதிரி நிற்பதுதான் அந்த ஊரின் தந்திரம் என்று ஒரு நாள் சொன்னேன். அதற்கு நல்ல வரவேற்பு. படிக்காதவன் சொன்ன கதை என்று அங்கே யாரும் பார்க்கவில்லை. கதை நின்றால் போதும்.

அட்மினின் சொந்தக் கதை, குகை வாசலில் நின்ற நாங்கள் எல்லாரும் பெட்டகத்தைக் காப்பதாகச் சத்தியம் செய்த காவல்படையின் வாரிசுகள் என்பது. அது எனக்குப் பிடித்திருந்தது. மருந்து டப்பா தூக்கினவனை ஒருவன் படைவீரன் என்கிறான். நான் ஏன் மறுக்க வேண்டும்? அங்கே நின்றவன் நான் என்று அவர்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அப்புறம் அவன் ஒரு வீடியோ போட்டான். தலைப்பிலேயே ‘துரோகி’ என்று இருந்தது. கடைசிக் காட்சியை நிறுத்தி நிறுத்திக் காட்டினான். எல்லாரும் குகையைப் பார்த்து நிற்க, ஒரே ஒரு ஆள் மட்டும் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறார். அந்தத் தலையைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அவர் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. அதற்கு ஒரு அம்புக்குறி. முதல் பாகத்தில் விடை இல்லாத கேள்வி ஒன்று உண்டு. குகை இருக்கும் இடத்தை வில்லனுக்குச் சொன்னது யார்? இவர்தான் என்றான் அட்மின். சொல்லிக் கொடுத்து, தன் கூட்டாளி ஒருவனைச் சாகவும் விட்டுவிட்டார். காலியாகக் கிடப்பது அந்தக் கூட்டாளியின் இடம். திரும்பிப் பார்ப்பது வில்லன் வருகிறானா என்று. இரண்டாம் பாகம் முழுக்க இவரைத்தான் துரத்தப் போகிறார்கள்.

வட்டத்துக்குள் இருந்தது என் மச்சான்.

நான் பார்த்த அன்றைக்கே அக்காவும் பார்த்துவிட்டாள். ஹோட்டலில் கூட வேலை செய்யும் பெண் போனை நீட்டி, “அக்கா, இது ஒங்க தோட்டந்தானே? இந்த ஆளுதான் துரோகியாம்” என்று சிரித்திருக்கிறாள். யாரைக் காட்டுகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அக்கா மாலையில் எனக்குப் போன் செய்தாள்.

“நீ அந்தக் குரூப்லதானே கெடக்குற?”

“ஆமாக்கா.”

“அவர துரோகின்னு சொல்றானுங்க. நீ கேட்டுக்கிட்டு இருக்க.”

“சினிமாதானேக்கா.”

“எனக்கு சினிமா இல்ல” என்றாள்.

அது எனக்குப் புரிந்தது. மச்சானுக்குக் கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது, அடையாள அட்டையில் ஒன்று இருக்கிறது. அவர் அசைந்து, தலை திருப்பி, கண் இமைப்பது இந்த உலகத்தில் அந்தச் சில நொடிகளில் மட்டும்தான். அக்கா அதைப் போனில் வைத்திருந்தாள். இனிமேல் அதைப் பார்க்கிறவன் எல்லாம் காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பான்.

நான் குழுவில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். விசில், பெரட்டு, மண்டோர் எல்லாம். எங்கள் தோட்டத்தில் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்துப் பக்கத்து மர நிரையில்தான் பால் வெட்டுவார்கள், வரிசையிலும் சேர்ந்துதான் நிற்பார்கள். பெயர் வாசிக்கும்போது பெண்டாட்டி இல்லையென்றால் அவள் நிரை வேறொருத்திக்குப் போய்விடும், அவளை வேறு எங்காவது தூரத்துக் காட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதனால் அக்கா வரும்வரை மச்சான் பக்கத்தில் இடம் விட்டுப் பிடித்து வைத்திருப்பார், அவள் வருகிறாளா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். அன்றைக்கும் அதைத்தான் செய்தார். இதுதான் விஷயம், வீடியோவை எடுத்துவிடு என்றேன்.

குழு ஆடிப்போய்விட்டது. அந்தக் காட்சியில் நின்ற ஆள் இத்தனை நாள் கூடவே இருந்திருக்கிறார் என்று ஆளாளுக்குச் செய்தி அனுப்பினார்கள். ஆனால் அட்மின் அசையவில்லை.

“அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நீங்க சொல்றது ஷூட்டிங்ல நடந்தது. நாங்க பேசுறது கதைக்குள்ள நடந்தது. அங்க அவரு ஒங்க மச்சான் இல்லண்ணே. துரோகி ஒருத்தன் இல்லாம பாகம் ரெண்டு நகராது. நீங்களே சொல்லுங்க, குகையக் காட்டிக் குடுத்தது யாரு?”

எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் கேட்டிருப்பேன். உண்மையைச் சொல்லி ஒரு நல்ல கதையைக் கீழே தள்ள முடியாது. அதைவிட நல்ல கதை வேண்டும். அதைச் செய்ய என்னால் முடியும் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. லாரி ஓட்டிக்கொண்டே யோசித்தேன். தீவனம் இறக்கும்போது யோசித்தேன். பத்து காஜா ஊரைத் தாண்டுவதற்குள் எனக்கு ஒரு புது மச்சான் கிடைத்துவிட்டார். அவர்தான் காவல்படைக்குத் தலைவர். முதுகுப் பக்கம் எதிரி வராமல் பார்த்துக்கொள்ளும் ஒரே ஆள். பக்கத்தில் இருக்கும் காலி இடம் இளவரசனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அட்மின் சேனலில் நேரலை நடத்துவான். அதில் என்னையும் பேசக் கூப்பிட்டான். நான் ஈப்போவில் அக்காவின் நாலாவது மாடி வீட்டுக்குப் போய், அவள் பக்கத்தில் இருக்கும்போதே பேசலாம் என்று முடிவு செய்தேன். அக்கா பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முதலில் அவளிடம் என் கதையைச் சொல்லிக் காட்டினேன்.

“இளவரசனா?” என்றாள்.

“ஆமாக்கா. ராஜா மகன்.”

“அவரு படைத்தலைவரு?”

“நல்லா இல்ல?”

“அவரு தவளையப் பாத்தா கட்டில்ல ஏறி நிப்பாருடா.” கத்தியைக் கீழே வைத்தாள். “துரோகின்னாலும் அவரு இல்ல, தலைவருன்னாலும் அவரு இல்ல. ரெண்டு பேரும் சேந்து என் வீட்டுக்காரர எங்கிட்டருந்து தூக்கிட்டுப் போறீங்க. போனக் குடு.”

நேரலை தொடங்கியிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா போனை வாங்கிவிட்டாள். வணக்கம் சொல்லவில்லை.

“தம்பி, ஒரு ஆளுக்கு செவப்பு வட்டம் போட்டீங்களே, நான் அவரு சம்சாரம்.”

மதுரைக்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பிறகு, “அக்கா, வணக்கம்க்கா. சாரிக்கா” என்றான் அட்மின்.

“சாரி இருக்கட்டும். பக்கத்துல எடம் காலியா இருக்குன்னு அம்பு போட்டீங்கள்ல? அது செத்துப்போனவன் எடம் இல்ல. நான் நிக்கிற எடம்.”

“நீங்க ஏன்க்கா நிக்கல?”

இதை நானும் கேட்டதில்லை. கம்பெனி கொடுத்த காப்பிக்கு எங்கேயாவது வரிசையில் நின்றிருப்பாள் என்று நினைத்திருந்தேன்.

“சேல குடுத்தானுங்க, கெண்டக்கால் வரைக்குந்தான் வருது. ரவிக்கை வேற கெடையாதாம், அந்தக் காலத்துல போடமாட்டாங்களாம். நான் ரப்பர் ஸ்டோர் பின்னால நின்னுக்கிட்டு வெளிய வரமாட்டேன்னுட்டேன். அவரு ‘வா, வா’ன்னு கண்ணால கூப்புடுறாரு. நான் வரமாட்டேங்குறேன். ரெண்டு பேருக்கும் சண்டை நடக்குது. அதத்தான் நீங்க நிறுத்தி நிறுத்திப் பாக்குறீங்க.”

திரையின் ஓரத்தில் சிரிப்புப் பொம்மைகளாக ஓடின. கிள்ளான்காரர் எழுதினார்: ‘அப்ப ஸ்டோர் பின்னால இருக்குறது வில்லன் இல்ல, அக்கா!’ அட்மினும் சிரித்தான். ஆனால் சிரித்து முடித்ததும் பழைய இடத்துக்கே வந்தான்.

“சூப்பர்க்கா. ஆனா கதையில ஒரு துரோகி வேணுமேக்கா. அந்த வீடியோவத்தான்க்கா எங்க சேனல்ல எல்லாரும் பாக்குறாங்க. அத எடுத்துட்டா என்கிட்ட ஒண்ணுமில்ல. இவரு இல்லேன்னா வேற யாரு?”

அக்கா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

“கடைசி வரிசையில எடது பக்கம் பாருங்க. தலையச் சொறிஞ்சுக்கிட்டு ஒருத்தன் நிக்கிறானா?”

“இருக்காருக்கா. அவரு... அவரு கேமராவப் பாக்குறாரே!”

“என் தம்பி. இப்ப இங்கதான் ஒக்காந்துருக்கான். அவன வச்சுக்குங்க. சொல்லாமக் கொள்ளாம ஓடிப்போறதுதான் அவன் வேல. ஜொகூர்ல ஓடுனான், சிங்கப்பூர்ல ஓடுனான், என் கல்யாணத்துல பந்தல் பிரிக்கிறதுக்கு முன்னாலயே ஓடுனான். குகை என்னா, எங்க வீட்டு அரிசி டின் எங்க இருக்குன்னே ஊருக்கெல்லாம் சொன்னவன்.”

“அக்கா!” என்றேன்.

“சும்மா இருடா. ஒனக்குச் சம்மதந்தானே? சம்மதம்னு சொல்லு.”

சம்மதம் என்று சொன்னேன். அட்மின் அதற்குள் என்னைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டான். “மக்களே, கவனிங்க! எல்லாரும் குகையப் பாக்குறாங்க. இவரு மட்டும் நேரா நம்மளப் பாக்குறாரு. கை தலையில. அது சொறியிறது இல்ல, சைகை!” அவன் குரல் உயர்ந்துகொண்டே போனது. சென்னை என்ஜினியர் உடனே ஒப்புக்கொண்டார். இத்தனை வருஷம் இதை எப்படிக் கவனிக்காமல் விட்டோம் என்று பினாங்கு அம்மா வருத்தப்பட்டார். இரண்டாம் பாகத்தில் நான் எப்படிச் சாக வேண்டும் என்று மூன்று பேர் யோசனை சொன்னார்கள். எனக்கு அதில் பெருமைதான். கடைசி வரிசையில் நின்றவனுக்குத்தான் இப்போது கதையில் பெரிய பங்கு.

அக்கா மட்டும் விடவில்லை. “வட்டத்த எடுத்துட்டேன்னு சொல்லுங்க தம்பி. நான் கேக்கணும்.”

“எடுத்துடறேன்க்கா.”

எடுத்துவிட்டான். மனசில்லாமல்தான் எடுத்திருப்பான். பழைய வீடியோவை வேறு சிலர் முன்பே இறக்கிவைத்திருந்ததால் அது அங்கங்கே இன்னும் சுற்றுகிறது. நான் அதைக் கண்டால் கீழே திட்டி எழுதுகிறேன். அட்மினின் புது வீடியோவில் சிவப்பு வட்டம் என் தலையைச் சுற்றி இருக்கிறது. தீவனக் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டார்கள். “டேய் துரோகி, இன்னைக்கு எந்தப் பண்ணையக் காட்டிக் குடுக்கப் போற?” என்பார்கள். காசு நன்றாகக் கொடுக்கிற பண்ணையை என்பேன்.

அக்கா இப்போது குழுவில் இருக்கிறாள். என்னைவிட அதிகம் பேசுவதும் அவள்தான். ஸ்டோருக்குப் பின்னால் மறைந்து நிற்கும் பெண் இல்லாமல் இரண்டாம் பாகமே கிடையாது என்று ஆகிவிட்டது. பெட்டகத்தின் சாவி அவளிடம்தான் இருக்கிறது என்று அட்மின் ஒரு கதை கட்டினான். சாவியை அவள் ஏற்றுக்கொண்டாள். குகைக்குள் இறங்க மாட்டேன் என்றாள், இருட்டு அவளுக்கு ஆகாதாம். வேண்டுமானால் நாயகன் பெட்டகத்தைத் தூக்கிக்கொண்டு அவள் இருக்கும் இடத்துக்கு வரட்டும் என்றாள். அட்மின் கெஞ்சினான். யாராவது உள்ளே போக வேண்டாமா, கடைசிச் சண்டை குகைக்குள்தானே என்று கேட்டான்.

“அப்ப மாமாவயாச்சும் உள்ள அனுப்பலாமாக்கா?”

“அவரு எங்கயும் போகமாட்டாரு” என்றாள் அக்கா. “எடம் புடிச்சுக்கிட்டு நிக்கிறாருல்ல. நான் வர்ற வரைக்கும் நிப்பாரு.”